பிரபஞ்சத்தின் முடிவு யாருக்குச் சாட்சி?

பிரபஞ்சம் விரிகிறதா என்ற வழக்கு வானியலாளர்களிடையே எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த விரிவு எங்கே போய் முடியும், முடியுமா என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. அது தீர்வதற்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டவர்கள் இரு தரப்பிலும் உண்டு. சமய மேடைகளில் பெருவெடிப்பு படைப்புக்கு ஆதாரமாகிறது. விரிந்து சுருங்கும் பிரபஞ்சம் பிரளயத்துக்கும் யுகச் சுழற்சிக்கும் ஆதாரமாகிறது. எதிர்த் தரப்பில், விண்மீன்கள் எல்லாம் ஒருநாள் அணைந்துபோகும் என்பதைக் காட்டி, காக்கும் தெய்வமும் இல்லை, வாழ்வுக்குப் பொருளும் இல்லை என்று முடிக்கிறார்கள். ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரு தரப்பும் செய்யும் பிழை ஒன்றுதான். பிரபஞ்சத்தின் வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அதற்குத் தெரியாத ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள். பிரபஞ்சம் எப்படி முடிந்தாலும், இறைவன் உண்டா என்பதற்கோ வாழ்வதில் பொருள் உண்டா என்பதற்கோ அந்த முடிவிலிருந்து விடை பெற முடியாது என்பதே என் வாதம். அறிவியல் வேறு, ஆன்மிகம் வேறு என்று இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கும் சமாதானம் அல்ல இது. சமயங்கள் உலகைப் பற்றி உண்மையாகவே சில கூற்றுகளைச் சொல்லியிருக்கின்றன. அவை சோதிக்கப்படத்தான் வேண்டும். அப்படிச் சோதித்துப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் சாட்சியம் என்ன என்று பார்ப்போம். 1912 முதல் அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் சுருள் வடிவ விண்மீன் திரள்களின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றின் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தது. அதாவது, அவை நம்மைவிட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தன. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே விரியும் பிரபஞ்சம் கிடைக்கும் என்று ருஷ்யாவில் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922இல் கணக்கிட்டுக் காட்டினார். பெல்ஜியத்தின் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் 1927இல் அந்தக் கணக்கையும் விலகும் திரள்களையும் ஒன்றாக இணைத்தார். தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை 1929இல் எட்வின் ஹபிள் அளவுகளோடு நிறுவினார். ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுப்பதால் விரிவின் வேகம் படிப்படியாகக் குறைந்துவர வேண்டும் என்பதே அடுத்த எழுபது ஆண்டுகளுக்குப் பெரும்பாலோருடைய எதிர்பார்ப்பாக இருந்தது. எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் போன இரண்டு குழுக்கள் 1998இல் அதற்கு நேர்மாறான விடையோடு திரும்பி வந்தன. தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அப்படியானால் அவை இன்னும் தொலைவில் இருக்கின்றன, விரிவு வேகமெடுத்திருக்கிறது. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் இதற்காக 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகமெடுக்க வைப்பதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேல் அதுதான் என்று அளவுகள் காட்டுகின்றன. அது என்ன பொருள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

பிரபஞ்சத்தின் கதி முழுவதும் இந்த ஒன்றைத்தான் நம்பி நிற்கிறது. இருண்ட ஆற்றல் மாறாத மாறிலியாக இருந்தால் விரிவு நிற்காது. திரள்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாத தொலைவுக்குப் போய், எல்லாம் குளிர்ந்து அடங்கும். அது காலப்போக்கில் வலுத்தால் அணுக்கள்வரை கிழிந்துபோகும் என்று 2003இல் ராபர்ட் கால்டுவெல்லும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். அது வலுவிழந்து ஈர்ப்பின் பக்கம் சாய்ந்தால், விரிவு நின்று எல்லாம் மீண்டும் சுருங்கலாம். எந்தப் பாதை என்று கண்டறிய அரிசோனாவின் கிட் பீக் மலையில் உள்ள மாயல் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் 5,000 சிறு ரோபோக்கள் ஆளுக்கொரு கண்ணாடி இழையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 5,000 விண்பொருள்களின் மேல் அதைக் குறிவைக்கின்றன. ஆதிகாலத்தில் சூடான வாயுவில் பரவிய ஒலி அலைகள் திரள்களின் பரவலில் சுமார் 49 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு தடத்தை விட்டுச்சென்றிருக்கின்றன. அந்தத் தடத்தையே அளவுகோலாக வைத்து, எந்தக் காலத்தில் எவ்வளவு விரிந்தது என்று கணக்கிடுகிறார்கள். சுமார் ஒன்றரைக் கோடி விண்பொருள்களை அளந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகள், இருண்ட ஆற்றல் வலுவிழந்து வரக்கூடும் என்று சுட்டுகின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் கேட்கும் உறுதியை அது இன்னும் எட்டவில்லை. 25 ஆண்டுகளாகப் பாடநூல்களில் நிலைபெற்ற குளிர்ந்த முடிவு, இப்போது மறுபடியும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. ஒரு மனித ஆயுளுக்குள் விடை இப்படி இரண்டு மூன்று முறை திரும்புகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படித் திரும்பும் விடையின் மேல் சமயத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் உரையாற்றும்போது, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற புதிய வானியல், ஒளி உண்டாகட்டும் என்ற முதல் கட்டளைக்கே சாட்சியாகிவிட்டது என்ற பொருளில் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர். அந்தக் கொள்கையை முதலில் உருவாக்கியவர் அவர், பாதிரியாரும் அவரே. ஆனால் அவர் கலங்கிப்போனார். தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒரு பொருள்முதல்வாதியும் அதைத் தடையின்றி ஏற்கலாம் என்பதே அவர் நிலை. வத்திக்கான் ஆய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓகானலோடு சேர்ந்து அவர் எடுத்துச் சொன்னதன் பிறகு, 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய வானியலாளர்களிடம் போப் பேசியபோது அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை. அதே ரோம் கூட்டத்தில்தான் வால்டர் பாடே எழுந்து, விண்மீன் திரள்களின் தொலைவு இதுவரை ஏறத்தாழப் பாதியாகவே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயது அந்த ஒரே அறிவிப்பில் இரட்டிப்பானது. அந்த வயதையும் திருச்சபையின் பெயரால் முத்திரையிட்டிருந்தால், அதே வாரத்தில் முத்திரையை அழிக்க வேண்டி வந்திருக்கும். தம் கண்டுபிடிப்பைத் தம் இறைவனுக்கு வக்காலத்து வாங்க அனுப்ப மறுத்த லெமேத்ரின் செயலை இருபதாம் நூற்றாண்டின் மிக உயர்ந்த சமயச் செயல்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது.

எதிர்த் தரப்பும் இதே குழியில் விழுந்திருக்கிறது. 1948இல் ஃப்ரெட் ஹாயிலும், தனியாக ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு இருவரும், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, விரியும் இடத்தில் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்ற நிலைக் கொள்கையை முன்வைத்தார்கள். அதற்கு அறிவியல் காரணங்கள் இருந்தன. அத்தோடு, தொடக்கம் என்றாலே படைத்தவன் உள்ளே நுழைந்துவிடுவான் என்ற ஒவ்வாமையும் ஹாயிலுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. 1965இல் பென்சியாஸும் வில்சனும், சூடான தொடக்கத்தின் எச்சமாக எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை அறிவித்தபோது நிலைக் கொள்கை தளர்ந்தது. அதனால் நாத்திகம் தோற்றுவிட்டதா? ஒரு மாதிரி தோற்றது, அவ்வளவே. நம் பக்கம் திரும்பினால், 1980இல் கார்ல் சேகன் தம் தொலைக்காட்சித் தொடரில் சோழர்கால நடராசரைக் காட்டி, விரிந்து சுருங்கும் பிரபஞ்சத்தை இந்து மரபின் காலக் கணக்கோடு சேர்த்துப் பேசினார். 2004இல் இந்திய அரசு வழங்கிய நடராசர் சிலை ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில் நிறுவப்பட்டது. இவை அழகான மரியாதைகள். ஆனால் நம் பேச்சாளர்கள் இவற்றை நிரூபணமாக எடுத்துக்கொண்டார்கள். சேகன் பேசிப் பதினெட்டு ஆண்டுகளில், பிரபஞ்சம் சுருங்கப்போவதாகத் தெரியவில்லை என்ற செய்தி வந்தது. அப்போது நடராசரை எவரும் திரும்பப் பெறவில்லை, பெறவும் தேவையில்லை. சிற்றம்பலத்தானின் பெருமை ஒரு மாறிலியின் மதிப்பைச் சார்ந்தது அல்ல.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று புராணம் சொல்வதும், பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்பதும் நெருங்கி வருவதை மேடையில் அடிக்கடி கேட்கிறோம். மரபுக் கணக்கையே முழுவதும் பின்பற்றினால், இப்போது நடக்கும் கற்பத்தில், அதாவது பிரம்மாவின் இந்தப் பகலில், கழிந்திருப்பது ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள்தாம். அது பூமியின் வயதோடும் பொருந்தாது, பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டோடும் பொருந்தாது. பொருந்தும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிடுவது, கோடிக்கணக்கில் காலத்தை எண்ணத் துணிந்த அந்த முன்னோரின் கற்பனைக்கும் நேர்மையான மரியாதை ஆகாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். சமயம் உலகின் தோற்ற ஒடுக்கத்தைப் பற்றிப் பேசுவது வெறும் அலங்காரம் அல்லவே. சைவ சித்தாந்தத்தில் அது அடித்தளமாயிற்றே என்பார்கள். உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதையே இதற்குத்தான் ஒதுக்கினார். உலகில் உள்ள பொருள்கள் தோன்றி நின்று அழிகின்றன. ஆகவே உலகம் முழுவதும் தோன்றி நின்று ஒடுங்குவது. அறிவற்ற அது தானே மீண்டும் தோன்ற மாட்டாது. ஒடுக்கியவனே அதைத் தோற்றுவிப்பவன் என்பது அவர் வாதத்தின் போக்கு. உலகம் சூனியத்திலிருந்து படைக்கப்பட்டது என்றும் அவர் சொல்லவில்லை. மாயை என்ற முதற்பொருள் என்றும் உள்ளது, உயிர்களைப் பற்றியிருக்கும் மலம் என்ற மாசு தீராததால் உலகம் மீண்டும் விரிகிறது என்கிறார். ஆக, பெருவெடிப்பைச் சூனியத்திலிருந்து நிகழ்ந்த படைப்பாக்கி, அதைச் சைவத்துக்கு ஆதாரமாகக் காட்டுபவர், சைவத்தை அறியாதவர். மெய்கண்டாருக்கு எதிரில் நின்றவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். உலகம் ஒருபோதும் மொத்தமாக ஒடுங்கியதில்லை, எப்போதும் இப்படியேதான் இருந்தது என்று மீமாம்சகர் வாதிட்டனர். உலகம் தொடக்கமும் முடிவும் அற்றது, அதற்குக் கர்த்தா தேவையில்லை என்று சமணர் வாதிட்டனர். பகுதிகள் அழிவதால் முழுமையும் அழியும் என்று எப்படிச் சொல்வது என்ற அவர்களின் கேள்வி, இன்றைய தர்க்கவியலாளரும் கேட்கும் கேள்விதான். இன்றைய சாட்சியத்தை இந்தச் சபையில் வைத்தால் தீர்ப்பு இருபுறமும் பிரிகிறது. பிரபஞ்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு, 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இன்றுபோல் இல்லவே இல்லை என்பதால், எப்போதும் இப்படியே இருந்தது என்பவர் தோற்கிறார். ஆனால் ஒடுங்கி மீண்டும் தோன்றும் என்பதற்கும் இப்போதைய சாட்சியம் ஆதரவு தரவில்லை. பிரபஞ்சம் சுழல் சுழலாகப் பிறக்கிறது என்று ரோஜர் பென்ரோஸ் போன்றோர் சொல்லும் மாதிரிகள் உண்டு. பெரும்பாலான வானியலாளர்கள் அவற்றை ஏற்கவில்லை. சுழற்சியை ஏற்றாலும் சிக்கல் தீராது. ஒவ்வொரு சுழலிலும் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி கூடுவதால் அடுத்த சுழல் நீண்டுகொண்டே போகும் என்று 1930களிலேயே ரிச்சர்ட் டோல்மன் காட்டினார். அதைப் பின்னோக்கிப் பார்த்தால் சுழல்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு தொடக்கத்திடமே கொண்டுபோய் விடும்.

அப்படியானால் முதற்சூத்திரத்தின் அந்த அனுமானம் இன்று ஆபத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. உலகைப் பற்றிப் பேசத் துணிந்த வாதம், உலகால் மறுக்கப்படும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டே பேசுகிறது. அதில் மெய்கண்டாருக்குச் சிறுமை இல்லை. ஆனால் வாதம் ஆபத்தில் இருப்பதால் வழிபாடும் ஆபத்தில் இருக்கிறது என்று ஆகாது. அப்பரும் சம்பந்தரும் பாடியது மெய்கண்டாருக்குச் சுமார் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன். உலகம் ஒடுங்குகிறதா என்று நிறுவிய பிறகு அவர்கள் திருவீழிமிழலைக்கோ திருவதிகைக்கோ போகவில்லை. பக்தி முதலில் வந்தது. நிரூபணம் பின்னர் வந்தது. மெய்கண்டாரின் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் இதை வேறு வழியில் கண்டுகொண்டார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அவர் நம்பினார். ஆனால் அதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று தனியாக ஒரு நூலே எழுதினார். தொடக்கமே இல்லாத உலகமும், இருப்பதற்கு இறைவனையே சார்ந்திருக்க முடியும் என்பது அவர் நிலை. ஒரு பொருள் எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்பது வேறு. அது ஏன் இருக்கிறது என்பது வேறு. வானியல் முதற்கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். இதை ஏற்காதவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயற்பியலாளர்கள் லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெர்ரரும் 2007இல் காட்டியபடி, இன்னும் சுமார் 10,000 கோடி ஆண்டுகளில் மற்ற திரள்கள் எல்லாம் பார்வைக்கு அப்பால் போய்விடும். பின்னணிக் கதிர்வீச்சும் கண்டறிய முடியாத அளவு நீர்த்துவிடும். அப்போது ஓர் அறிவுள்ள உயிர் வானத்தைப் பார்த்தால், தனித்து நிற்கும் ஒரே திரளையும் வெறும் இருளையுமே காணும். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கோ தொடங்கியது என்பதற்கோ அதற்கு எந்த ஆதாரமும் கிடைக்காது. இறைவனுக்குச் சான்று பெருவெடிப்பு என்றால், அந்த உயிருக்கு இறைவன் தன்னை மறைத்துவிட்டான் என்றாகும். பிறந்த காலத்தைப் பொறுத்துக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதுமான சான்றின் மேல் எந்தச் சமயமும் தன் இறைவனை நிறுத்த விரும்பாது என்றே நம்புகிறேன்.

இனி விரக்தியின் தரப்பு. இது பழையது. 1850களில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வெப்பமெல்லாம் பரவிச் சமமாகி, வேலை செய்ய எதுவும் மிஞ்சாத நிலையைப் பேசத் தொடங்கினார்கள். 1903இல் பெர்ட்ரண்ட் ரசல், மனிதனின் உழைப்பும் மேதைமையும் சூரிய மண்டலத்தின் சாவில் புதைந்தே தீரும் என்பதைத் தம் சிந்தனையின் அடித்தளமாக்கினார். கணக்குகள் இப்போது இன்னும் தெளிவாக இருக்கின்றன. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் சூரியனின் வெப்பம் கூடிப் பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும். சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் செம்பூதமாக ஊதும். சுமார் ஒரு கோடி கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுவிடும். மிகப் பெரிய கருந்துளைகளும் ஆவியாகிப் போக, ஒன்றின் பின் நூறு சுழியங்கள் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும். இந்த எண்களைக் கண்டு நடுங்குவது இயல்பு. ஆனால் நடுக்கம் வாதம் ஆகிவிடாது. இன்று நாம் செய்வது எதுவும் அப்போது பொருட்டாகாது என்பதால் இப்போதும் பொருட்டல்ல என்கிறார்கள். 1971இல் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் இதற்குத் தந்த விடையை எவரும் முறியடித்ததாக நான் அறியவில்லை: அப்போது நடப்பதும் இப்போது நமக்குப் பொருட்டல்ல என்றால், அப்போது நம் செயல் பொருட்டாகாது என்பது மட்டும் ஏன் இப்போது பொருட்டாக வேண்டும்? பசித்தவருக்கு இட்ட சோறு பசியைத் தீர்த்துவிட்டது. கடைசிக் கருந்துளை ஆவியானாலும் அந்தப் பசி தீராததாகிவிடாது. முடிவில்லாமல் நீளும் வாழ்வும் தானாகப் பொருள் பெற்றுவிடாது. பயனற்ற ஒன்றை எல்லையில்லாமல் நீட்டினால் பயனற்றதன் நீளம்தான் கூடும். பிறவி தொடர்ந்துகொண்டே இருப்பதைத் துன்பமாகவும் அதிலிருந்து விடுபடுவதைப் பேறாகவும் கண்ட நம் மரபுகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

இதற்கும் ஒரு கடினமான மறுப்பு உண்டு. தத்துவ அறிஞர் சாமுவேல் ஷெஃப்லர் 2013இல் வெளிவந்த தம் நூலில் கேட்கிறார்: நீங்கள் இறந்து முப்பது நாளில் மனித குலமே அழியும் என்று தெரிந்தால், புற்றுநோய்க்கு மருந்து தேடுவீர்களா, பாலம் கட்டுவீர்களா? பலரும் மாட்டார்கள். ஆகவே, நமக்குப் பின் வருபவர்கள் இருப்பது நம் செயல்களுக்கு உண்மையாகவே பொருள் தருகிறது. இதை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அந்த எடுத்துக்காட்டில் பொருளை உடைப்பது முடிவு உண்டு என்பது அல்ல. முடிவு அருகில் இருப்பது. மருந்து தேடுபவர் அடுத்த தலைமுறைகளுக்காகத் தேடுகிறார். கடைசி விண்மீன் அணையும் காலத்தவருக்காக எவரும் தேடுவதில்லை. எந்தச் செயலும் எட்ட முயலாத தொலைவில் இருக்கும் முடிவு எந்தச் செயலையும் வீணாக்க முடியாது. ஷெஃப்லரின் எடுத்துக்காட்டு நம்மை அஞ்ச வைக்க வேண்டியது வெப்பமாகும் கடலையும் அணு ஆயுதக் கிடங்குகளையும் பற்றி. கருந்துளைகளைப் பற்றி அல்ல.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வீண்தானே, உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா என்ற கேள்விக்குப் புத்தரே விடை சொல்ல மறுத்தாரே என்று சிலர் கேட்பார்கள். துன்பத்திலிருந்து விடுபட அந்த விடை தேவையில்லை என்றுதான் அவர் மறுத்தார். அதையே நானும் வேறு சொற்களில் சொல்லிவருகிறேன். ஆனால் விடுதலைக்குத் தேவையில்லாத அறிவு வேறெதற்கும் தேவையில்லை என்று அதிலிருந்து வராது. ஒரு மலைமேல் 5,000 இழைகளை வானத்தை நோக்கிப் பிடித்து, எந்த லாபமும் எதிர்பாராமல், நாம் இருக்கும் இடத்தின் கதியை அறிய மனிதர்கள் இரவு முழுவதும் விழித்திருப்பது உயர்ந்த செயல். அந்த உழைப்பை எவருடைய கட்சிக்கும் கொடிக்கம்பமாக்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. வாசகரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பிரபஞ்ச அறிவியல் எங்கள் மறையை மெய்யாக்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாலும், உங்கள் வாழ்வைப் பொருளற்றதாக்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாலும், அவரிடம் ஒன்று கேளுங்கள்: நாளை அளவுகள் மாறினால் உங்கள் நிலையையும் மாற்றிக்கொள்வீர்களா? மாட்டேன் என்று அவர் சொன்னால், அவருடைய நம்பிக்கைக்கோ விரக்திக்கோ உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதைச் சொல்லச் சொல்லி, அதைப் பற்றி விவாதியுங்கள்.